இரண்டாவது லோடு பேலன்சர் எழுந்து நிற்குமா?

வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோடு பேலன்சர் வேண்டும் என்று முடிவானால் இப்போதெல்லாம் யாரும் ஒன்றோடு நிறுத்துவதில்லை. "ஒன்று போனால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லித்தான் கொள்முதல் கோப்பில் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்த இன்னொன்று உண்மையிலேயே பார்த்துக்கொள்கிறதா என்று ஒருமுறையாவது அணைத்துப் பார்த்த இடங்கள், என் அனுபவத்தில், மிகக் குறைவு. ரேக்கில் இரண்டு பெட்டிகள், இரண்டிலும் பச்சை விளக்கு. முதல் பெட்டி விழும் நாளில் சேவை மொத்தமும் விழுகிறது.

பெரிய நிறுவனங்களில் இதற்கென்று தனிக்குழு இருக்கும். மருத்துவமனை, கல்லூரி, கூட்டுறவு வங்கி போன்ற இடங்களில் ஒருவரோ இருவரோதான் நெட்வொர்க், சர்வர், பிரிண்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. அங்கே அரை மணி நேரம் சேவை நின்றால் புறநோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள், மாணவர்களின் விண்ணப்பம் பாதியில் அறுந்துபோகிறது.

பரவலாக இருக்கும் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். இரண்டு லினக்ஸ் சர்வர்கள். இரண்டிலும் ஹெச்.ஏ.பிராக்ஸி ஓடுகிறது, பின்னால் இருக்கும் மூன்று நான்கு வெப் சர்வர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். பயனர்கள் வந்து சேரும் ஐ.பி. முகவரி இரண்டில் எதற்கும் நிரந்தரமாகச் சொந்தமில்லை. அது ஒரு மிதக்கும் முகவரி. எந்த நேரத்தில் யார் கையில் இருக்க வேண்டும் என்பதை கீப்அலைவ்டு என்ற மென்பொருள், வி.ஆர்.ஆர்.பி. என்ற நெறிமுறை வழியாகத் தீர்மானிக்கிறது.

வி.ஆர்.ஆர்.பி. முதலில் ரவுட்டர்களுக்காக வந்தது. 1998இல் ஆர்.எஃப்.சி. (இணையத் தரநிலை ஆவணம்) 2338 ஆக வெளியாகி, 2010இல் ஆர்.எஃப்.சி. 5798 வழியாக மூன்றாம் பதிப்புக்கு வந்தது. சிஸ்கோ ரவுட்டர்களில் ஹெச்.எஸ்.ஆர்.பி. என்று நாம் அமைப்பதும் இதே வேலையைச் செய்கிற இன்னொரு நெறிமுறைதான். முகவரியை வைத்திருப்பவர் மாஸ்டர், காத்திருப்பவர் பேக்கப்; முன்னுரிமை எண் பெரிதாக இருப்பவரே மாஸ்டர். மாஸ்டராக இருப்பவர் விநாடிக்கு ஒருமுறை 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே செய்தியைப் பலர் கேட்கும்) முகவரிக்கு "இருக்கிறேன்" என்று அறிவிக்கிறார். மூன்று அறிவிப்பு நேரமும், முன்னுரிமை எண்ணைப் பொறுத்த ஒரு சிறு கூடுதலும் கடந்தும் சத்தம் வராவிட்டால் பேக்கப் பொறுப்பேற்கிறது. பேக்கப்பின் முன்னுரிமை 100 என்றால் கணக்குப்படி இது சுமார் 3.6 விநாடி.

காகிதத்தில்தான் 3.6 விநாடி. முகவரி கைமாறினாலும், மேலே இருக்கும் ரவுட்டருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். எந்த ஐ.பி. முகவரிக்கு எந்த மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் சொந்த எண்) என்று ரவுட்டர் ஏ.ஆர்.பி. அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறது. சிஸ்கோ ஐ.ஓ.எஸ். ரவுட்டரில் அந்தப் பதிவின் இயல்பான ஆயுள் 4 மணி நேரம். ரவுட்டர்களுக்கு இடையே வி.ஆர்.ஆர்.பி. ஓடும்போது ஒரு பொது மேக் முகவரியும் சேர்ந்தே கைமாறுவதால் இந்தச் சிக்கல் இல்லை. கீப்அலைவ்டு அப்படியல்ல, நாம் தனியாகச் சொல்லாவிட்டால் சர்வரின் சொந்த மேக் முகவரியையே பயன்படுத்தும். அதனால் பொறுப்பேற்றவுடன் "இந்த முகவரி இனி என்னிடம்" என்று யாரும் கேட்காமலேயே ஒரு ஏ.ஆர்.பி. அறிவிப்பை அனுப்புகிறது. இதற்கு கிராட்யூட்டஸ் ஏ.ஆர்.பி. என்று பெயர். மேலே உள்ள ஃபயர்வால் அதைப் புறக்கணிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தாலோ, ஸ்விட்ச்சின் ஏ.ஆர்.பி. பாதுகாப்பு அதைப் போலி என்று தடுத்தாலோ, லோடு பேலன்சர் சரியாகக் கைமாறியிருக்கும், பயனர்கள் மட்டும் இறந்த பெட்டியையே தட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு மருத்துவமனையில் இதை நேரில் பார்த்தேன். அதே வலைப்பிரிவில் இருந்த இன்னொரு சர்வரில் இருந்து பார்த்தால் தளம் திறக்கிறது, வெளியில் இருந்து வருபவர்களுக்குத் திறக்கவில்லை. உள்ளே இருந்து சோதித்தவர் எல்லாம் சரி என்று குறித்துவிட்டுப் போயிருந்தார். அதனால் நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது: கைமாற்றத்தை அலுவலக வலையமைப்பில் இருந்து சோதிக்காதீர்கள். கைப்பேசியின் மொபைல் டேட்டாவில் இருந்து சோதியுங்கள்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. இரண்டு பெட்டிகளும் உயிரோடுதான் இருக்கின்றன, ஆனால் ஒருவர் சத்தம் மற்றவருக்குக் கேட்கவில்லை. ஸ்பிளிட் பிரெயின் என்கிறோம். இரண்டும் தங்களை மாஸ்டர் என்று நினைத்து அதே முகவரியை உரிமை கொண்டாடும். பயனர் லாகின் செய்கிறார், அடுத்த நிமிடம் வெளியே தள்ளப்படுகிறார், மறுபடி லாகின் செய்கிறார். மென்பொருள் குழுவைத் திட்டிப் பல நாள் போகும். பெரும்பாலும் காரணம் எளிது. வி.ஆர்.ஆர்.பி. என்பது டி.சி.பி.யும் இல்லை, யு.டி.பி.யும் இல்லை, ஐ.பி.யின் மேல் 112 என்ற தனி நெறிமுறை எண்ணில் நேரடியாக ஓடுகிறது. சர்வரின் ஃபயர்வாலில் 80, 443 போர்ட்டுகளைத் திறந்துவிட்டு இதைத் திறக்க மறந்தால், இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று செத்துவிட்டதாகவே எண்ணும்.

இன்னொரு காரணம் காப்பி அடித்த கன்ஃபிகரேஷன். கீப்அலைவ்டு மாதிரிக் கோப்புகளில், ஒரே முகவரியைப் பகிரும் ஜோடியை அடையாளம் காட்டும் குழு எண்ணுக்கு 51 என்றும் கடவுச்சொல்லுக்கு 1111 என்றும் இருக்கும். நம்மவர் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார். அதே விலானில் (ஸ்விட்ச்சில் தனியாகப் பிரித்த வலைப்பகுதி) வேறொரு சேவைக்காக இன்னொருவர் அமைக்கும்போது அவரும் 51ஐயே எடுத்துக்கொள்கிறார். சம்பந்தமே இல்லாத இரண்டு சேவைகளின் அறிவிப்புகள் மோதிக்கொள்கின்றன. 1 முதல் 255 வரை எண்கள் இருக்கின்றன. யாருக்கு எது என்று ஒரு பொதுத்தாளில் எழுதி வையுங்கள். அந்தக் கடவுச்சொல்லைப் பாதுகாப்பு என்று நம்பவும் வேண்டாம். அது குறியாக்கம் இல்லாமல் வலையில் போகிறது; 2004இல் வந்த ஆர்.எஃப்.சி. 3768லேயே வி.ஆர்.ஆர்.பி.யில் இருந்து அடையாளச் சரிபார்ப்பை எடுத்துவிட்டார்கள். யார் அந்த விலானுக்குள் வரலாம் என்பதைக் கட்டுப்படுத்துவதே பாதுகாப்பு.

இனி, எனக்கு மிகுந்த கவலை தரும் இடம்: நலச் சோதனை.

கீப்அலைவ்டு வெறுமனே பெட்டி உயிரோடு இருக்கிறதா என்றுதான் பார்க்கும். ஹெச்.ஏ.பிராக்ஸி நின்றுபோனாலும் பெட்டி அறிவிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும், முகவரியும் அங்கேயே இருக்கும். ஆகவே ஹெச்.ஏ.பிராக்ஸி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் ஒரு சோதனை ஸ்கிரிப்டைச் சேர்க்க வேண்டும். பலர் சேர்க்கிறார்கள். ஆனால் எண்களில் தவறுகிறார்கள். முன்னுரிமை எண்ணை மாஸ்டருக்கு 150, பேக்கப்புக்கு 100 என்று வைத்து, சோதனை தோற்றால் 20 குறைக்கச் சொல்லியிருப்பார்கள். 150இல் 20 போனால் 130. அது இன்னமும் 100ஐ விடப் பெரியது. சோதனை தோற்றாலும் முகவரி நகராது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை விடக் குறைப்பு அதிகமாக இருக்க வேண்டும்: 110, 100, குறைப்பு 20 என்று வைத்தால் 110 என்பது 90 ஆகிப் பேக்கப் மேலே வரும்.

குறைப்பு எண்ணே கொடுக்காமல் விட்டால் வேறொரு ஆபத்து. அப்போது சோதனை தோற்ற பெட்டி பழுது நிலைக்குப் போய் முகவரியைக் கைவிட்டுவிடும். ஒரு பெட்டி மட்டும் கெட்டால் அது சரிதான். சோதனை ஸ்கிரிப்ட் பின்னால் உள்ள டேட்டாபேஸ் வரை போய்ப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸ் இரண்டு நிமிடம் திணறினால் இரண்டு பெட்டிகளும் ஒரே நேரத்தில் தோற்கும், இரண்டும் முகவரியைக் கீழே போடும். "சிறிது நேரம் கழித்து முயலுங்கள்" என்ற பக்கத்தைக் காட்டக்கூட ஆள் இருக்காது. குறைப்பு எண் கொடுத்திருந்தால் 110 என்பது 90 ஆகும், 100 என்பது 80 ஆகும், முகவரி முதல் பெட்டியிலேயே நிற்கும்.

இந்த வகைத் தவறு எவ்வளவு பெரிதாகலாம் என்பதை 2021 அக்டோபர் 4 அன்று உலகம் பார்த்தது. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் இல்லாமல் போயின. பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பை மொத்தமாகத் துண்டித்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியிலும் பிழை இருந்தது. அடுத்து நடந்ததுதான் நமக்கான பாடம். தளத்தின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் அவர்களுடைய டி.என்.எஸ். சர்வர்கள், டேட்டா சென்டரோடு பேச முடியாவிட்டால் தங்களைத் தாங்களே பழுதானவர்களாகக் கருதி, தங்களுக்கு வரும் வழியை இணையத்துக்குச் சொல்லும் பி.ஜி.பி. நெறிமுறை வழியாகச் செய்யும் அறிவிப்பை விலக்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஒரு இடத்தில் மட்டும் கோளாறு என்றால் அது நல்ல ஏற்பாடு. அன்று எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் தொடர்பு போனதால், ஓடிக்கொண்டிருந்த டி.என்.எஸ். சர்வர்கள் அத்தனையும் ஒன்றாக விலகிக்கொண்டன. அளவு வேறு, ஆனால் இரண்டு பெட்டிகளும் முகவரியைக் கீழே போடுவது அதே தவறுதான். லோடு பேலன்சரின் சோதனை, "நான் என் வேலையைச் செய்ய முடிகிறதா" என்பதோடு நிற்கட்டும். பின்னால் இருப்பவர்களின் நலத்தை ஹெச்.ஏ.பிராக்ஸி தனியாகப் பார்த்துக்கொள்ளும்.

பழைய மாஸ்டர் திரும்பி வரும் நேரத்தையும் கவனியுங்கள். இயல்பாக அது எழுந்தவுடன் முகவரியைப் பறித்துக்கொள்ளும், ஹெச்.ஏ.பிராக்ஸி தயாராகும் முன்பே பறித்தால் இரண்டாவது முறையும் சேவை தடைபடும். பறிக்கும் வழக்கத்தை நிறுத்திவிடுவதே என் விருப்பம். அதற்கு இரண்டு பெட்டிகளின் தொடக்க நிலையும் பேக்கப் என்றே இருக்க வேண்டும்; ஒன்றை மாஸ்டர் என்று எழுதினால் அந்த அமைப்பு செல்லாது. ஆனால் பறித்தலை நிறுத்தினால், மாஸ்டரின் எண் 90 ஆகக் குறைந்தாலும் பேக்கப் பறிக்காது; அப்போது குறைப்பு எண்ணைக் கொடுக்காமல், சோதனையை லோடு பேலன்சரின் சொந்த வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிளவுடில் இருப்பவர்களுக்கு ஒரே வரி: அங்கே மல்டிகாஸ்டையும் ஏ.ஆர்.பி. அறிவிப்பையும் நம்பி முகவரியை நகர்த்த முடியாது, கிளவுட் நிறுவனம் தரும் லோடு பேலன்சரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரட்டிப்பு ஏன் பலன் தருகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 99 சதவீதம் இயங்கும் ஒரு பெட்டி ஆண்டுக்கு மூன்றரை நாளுக்கு மேல் நிற்கும். அப்படி இரண்டு சேர்ந்தால் 99.99 சதவீதம், ஆண்டுக்கு 53 நிமிடத்துக்கும் குறைவு. இந்தக் கணக்கு செல்ல, ஒன்றின் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. நடைமுறையில் இரண்டும் ஒரே யு.பி.எஸ்.ஸில் செருகியிருக்கும். இரண்டும் விர்ச்சுவல் மெஷின்களாக ஒரே ஹோஸ்ட்டில் ஓடும். இரண்டு ரவுட்டர்களுக்கும் இரண்டு வேறு இணைய நிறுவனங்களின் கம்பி வரும், ஆனால் இரண்டு ஃபைபரும் தெருமுனை வரை ஒரே குழியில் வந்திருக்கும். சாலையைத் தோண்டும் ஒரே ஜே.சி.பி. இரண்டையும் அறுத்துவிடும். ரவுட்டர் உயிரோடு இருந்து அதன் வெளி இணைப்பு மட்டும் செத்தால் வி.ஆர்.ஆர்.பி.க்குத் தானாகத் தெரியாது. அந்த இணைப்பைக் கண்காணித்து முன்னுரிமையைக் குறைக்கும்படி ரவுட்டரிலும் சொல்லி வைக்க வேண்டும். கன்ஃபிகரேஷன் மாற்றத்தை இரண்டு பெட்டிகளிலும் ஒரே நொடியில் ஏற்றும் வழக்கமும் இதே சங்கிலியில் ஒரு கண்ணிதான். ஒன்றில் ஏற்றி, ஒரு நாள் ஓடவிட்டு, பிறகு மற்றதில் ஏற்றுங்கள்.

சும்மா இருக்கக் கூடாது என்று இரண்டு பெட்டிகளிலும் போக்குவரத்தைப் பிரித்து ஓட்டுகிறார்கள். நல்லதுதான், ஒவ்வொன்றும் பாதித் திறனுக்குள் ஓடும் வரை. இரண்டும் 70 சதவீதத்தில் ஓடினால் ஒன்று விழும் நேரத்தில் மற்றதன் தலையில் 140 சதவீதம் இறங்கும்.

பேக்கப் பெட்டியில் சத்தமில்லாமல் கெட்டுப்போவது, தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ். இலவசமாகத் தரப்படும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழை ஹெச்.டி.டி.பி. முறையில் புதுப்பிக்கும்போது, சரிபார்க்கும் கோரிக்கை மிதக்கும் முகவரிக்கு வருகிறது, அதாவது மாஸ்டருக்கு மட்டும். பேக்கப்பில் புதுப்பித்தல் ஒவ்வொரு முறையும் தோற்கும், அங்கே யாரும் பார்ப்பதில்லை. 90 நாளில் சான்றிதழ் காலாவதியாகிவிடும். கைமாற்றம் நான்கு விநாடியில் கச்சிதமாக நடக்கும், எல்லாப் பிரவுசரும் சிவப்புப் பக்கத்தைக் காட்டும். புதுப்பித்த கோப்பை மாஸ்டரில் இருந்து பேக்கப்புக்கு அனுப்பும் ஒரு சிறிய ஸ்கிரிப்டும், பேக்கப்பின் சொந்த முகவரியில் காலாவதித் தேதியைப் பார்க்கும் ஒரு எச்சரிக்கையும் போதும்.

கைமாற்றத்துக்கும் எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். கீப்அலைவ்டில் நிலை மாறும்போது ஒரு ஸ்கிரிப்டை ஓட்டலாம். அது குழுவுக்குச் செய்தி அனுப்பட்டும். முதல் பழுதை அமைப்பு தாங்கிக்கொள்வதால்தான் அது யார் கண்ணிலும் படாமல் போகிறது. ஒற்றைக் காலில் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த ஜோடிகளைப் பார்த்திருக்கிறேன்.

சோதனைக்கு மாதம் ஒருமுறை, முன்கூட்டி அறிவித்த ஒரு நேரத்தை ஒதுக்குங்கள். மொபைல் இணைப்பில் இருந்து விநாடிக்கு ஒருமுறை தளத்தைத் தொடும் சிறு லூப் ஓடட்டும். சர்வீஸை நிறுத்தும் கட்டளையோடு விட்டுவிடாதீர்கள். அப்போது மாஸ்டர் முறையாக விடைபெற்றுக்கொண்டு போவதால் பேக்கப் உடனே எழுந்துவிடும். கேபிளைப் பிடுங்குங்கள். இன்னொரு மாதம் மின்சாரத்தை நிறுத்துங்கள். அடுத்த முறை ஹெச்.ஏ.பிராக்ஸியை மட்டும் உறையவைத்துப் பாருங்கள். நலச் சோதனைக்குக் கால வரம்பு வைத்திருக்கிறீர்களா என்பது அதில்தான் தெரியும். எத்தனை விநாடி தடை, யார் செய்தது, என்ன கெட்டது என்று எழுதி வையுங்கள். முடிந்ததும் பழைய மாஸ்டருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். அடுத்த சோதனை வரை இரண்டாவது பெட்டியே சேவையை நடத்தட்டும்.