அஸ்டாசாந்தினுக்குத் தமிழ்ப் பெயர் எது?

சத்து மாத்திரைக் குப்பிகளில் இப்போது அடிக்கடி கண்ணில் படும் பெயர் அஸ்டாசாந்தின். நுண்பாசியிலிருந்து எடுத்த இயற்கை நிறமி என்று பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். ஆனால் பெயரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பாசியைக் காணோம், சிங்கி இறால்தான் இருக்கிறது.

'அஸ்டாகோஸ்' என்றால் கிரேக்கத்தில் சிங்கி இறால். லத்தீனில் அது 'அஸ்டாகஸ்' ஆனது. 'சாந்தோஸ்' என்றால் மஞ்சள். 1938-இல் வேதியியலாளர்கள் ரிச்சர்ட் கூனும் சோரென்சனும் சிங்கி இறாலில் இந்த நிறமியை இனங்கண்டு, கிடைத்த இடத்தின் பெயரையே சூட்டிவிட்டார்கள். கரோட்டினாய்டுகள் எனப்படும், கேரட் போன்றவற்றுக்கு நிறம் தரும் நிறமிகளையும் வைட்டமின்களையும் ஆராய்ந்ததற்காக அதே ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசும் கூனுக்குக் கிடைத்தது.

சரி, நல்ல சிவப்பான பொருளுக்குள் மஞ்சள் எப்படி வந்தது? அதற்கு இன்னும் நூறாண்டு பின்னால் போக வேண்டும். 1837-இல் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் இலையுதிர்கால இலைகளின் மஞ்சள் நிறமிக்கு 'சாந்தோஃபில்', அதாவது 'மஞ்சள் இலை' என்று பெயரிட்டார். கரோட்டினாய்டுகளில் ஆக்சிஜன் அணு உள்ளவை எல்லாம் பிறகு அந்தப் பெயரின்கீழ் சேர்ந்துகொண்டன. ஆகவே 'சாந்தின்' என்பதை இங்கே குடும்பப் பெயராகவே கொள்ள வேண்டும்.

சிங்கி இறால் இந்த நிறமியை ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்குவதில்லை. தின்னும் இரையின் வழியே வந்துசேரும் கரோட்டினாய்டுகளைத்தான் ஓட்டில் சேர்த்து வைக்கிறது. அங்கே ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை ஓடு கருநீலமாக இருக்கும். வேகவைத்தால் புரதம் சிதைந்து, சிவப்பு வெளியே வரும். சால்மன் மீனின் தசை நிறமும் இரைவழி வந்ததுதான்.

இன்று இயற்கை அஸ்டாசாந்தினுக்காகப் பெரிய அளவில் வளர்க்கப்படுவது ஹேமடோகாக்கஸ் புளூவியாலிஸ் என்ற நன்னீர் நுண்பாசி. 'ஹைமா' இரத்தம், 'கோக்கஸ்' மணி, 'புளூவியாலிஸ்' மழைக்குரியது. இரத்தமணி போன்ற மழைப்பாசி! பாறைக்குழிகளில் தேங்கும் மழைநீரில் வாழும் உயிருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. 'லகஸ்ட்ரிஸ்', அதாவது ஏரிக்குரியது, என்றும் இப்போது எழுதுகிறார்கள். ஆனாலும் பழைய பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

இதை வளர்ப்பது இரண்டு கட்ட வேலை. முதலில் நைட்ரஜனும் பாஸ்பரசும் தாராளமாகக் கொடுத்து, மிதமான வெளிச்சத்தில் பெருகவிட வேண்டும். அப்போது செல்கள் பச்சையாக, சாட்டை போன்ற இரண்டு கசையிழைகளால் நீந்திக்கொண்டிருக்கும். அடுத்த கட்டத்தில் நைட்ரஜனை நிறுத்தி, வெளிச்சத்தைக் கூட்டுவார்கள். பாசி திணறும். கசையிழைகளை இழந்து, உருண்டு, கெட்டியான சுவர் கட்டிக்கொண்டு, உள்ளே எண்ணெய்த் துளிகளில் சிவப்பு நிறமியைச் சேர்க்கத் தொடங்கும். கடும் ஒளியிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அது பிடிக்கும் குடை அது. உலர் எடையில் 4 விழுக்காடு வரைகூட நிறமி சேரும். ஆனால் மெதுவாக வளரும் இனம் என்பதால் வேறு பாசிகளும் ஒட்டுண்ணிகளும் எளிதில் புகுந்துவிடும். அதனால்தான் பச்சைக் கட்டத்தைப் பெரும்பாலும் மூடிய குழாய்களுக்குள் நடத்துகிறார்கள். அறுவடைக்குப் பின் அந்தக் கெட்டிச் சுவரை உடைத்தாக வேண்டும். உடைக்காவிட்டால் நிறமி நம் உடலில் சரியாகச் சேராது.

இனி தமிழுக்கு வருவோம். பாசி என்ற சொல்லுக்கு வேர் பசுமை. பிரிவால் பெண்ணின் மேனியில் படரும் நிறமாற்றமான பசலைக்கும் அதே வேர். குறுந்தொகை 399-ஆம் பாட்டில் பரணர் இந்த இரண்டையும் சேர்த்தே வைக்கிறார்: காதலன் தொடும்போதெல்லாம் விலகி, கையை எடுத்ததும் பரவுகிற பசலை, ஊரார் நீருண்ணும் கேணித் துறையின் பாசி போன்றது. கைபட்டதும் ஒதுங்கி மீண்டும் மூடிக்கொள்ளும் பாசியை உற்றுப் பார்த்த கண் அது. பசுமையில் பிறந்த சொல்லோடு சிவப்பைச் சேர்க்கலாமா என்று முதலில் தயங்கினேன். பச்சையாக இருந்து சிவப்பாகும் உயிருக்கு அது பொருந்தத்தான் செய்கிறது.

நுண்பாசி, நிறமி என்ற இரண்டும் ஏற்கெனவே நன்றாக வேரூன்றிய சொற்கள். அப்படியானால் 'பாசிச் சிவப்பு' என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. செம்பாசிகளில் உள்ள பைகோஎரித்ரின் என்ற வேறொரு நிறமியின் பெயருக்கு நேர்ப்பொருளே அதுதான்: 'ஃபைகோஸ்' பாசி, 'எரித்ரோஸ்' சிவப்பு. ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியின் நிறமியான பைகோசயனினைப் 'பாசி நீலம்' என்பதும் இதே கணக்குதான். அவற்றுக்குரிய பெயரை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதனால் என் தேர்வு 'மழைப்பாசிச் செந்நிறமி'. கொஞ்சம் நீளம்தான், ஆனால் செய்த உயிரின் பெயர் அதில் இருக்கிறது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. மீன் தீவனத்துக்கான அஸ்டாசாந்தினில் பெரும்பகுதி ஆலையில் வேதிமுறையில் தயாராவது. ஒருவகை ஈஸ்டிலிருந்தும் எடுக்கிறார்கள். மூலக்கூறு வாய்பாடு எல்லாவற்றுக்கும் ஒன்றே என்றாலும், அவற்றின் முப்பரிமாண அமைப்பு ஒன்றல்ல. எனவே பொதுவாகப் பேசும்போது அஸ்டாசாந்தின் என்றே எழுதுவோம். நுண்பாசியில் விளைந்ததற்கு மட்டும் மழைப்பாசிச் செந்நிறமி.