ஆன்லைனில் மனநல டாக்டரைப் பார்த்தால் இன்ஷூரன்ஸ் பணம் வருமா?

தமிழ்நாடு-கேரள எல்லையோரத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து ஆட்கள் மனநல டாக்டரைப் பார்க்க பாலக்காட்டுக்கோ கோவைக்கோ பஸ் ஏற வேண்டும். ஏறினால் தெரிந்தவர் யாராவது "எங்க கிளம்பீட்டீங்க?" என்று கேட்காமல் விடமாட்டார். அதனால் வீடியோ காலில் பேசுகிறவர்கள் என்னிடம் கூடிக்கொண்டே வருகிறார்கள். பேசி முடித்ததும் பலர் கேட்பது, "டாக்டர், இதுக்கு இன்ஷூரன்ஸ்ல பணம் கிடைக்குங்களா?"

பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் அதற்கு நம் மக்கள் நினைக்கும் காரணம் வேறு, உண்மையான காரணம் வேறு.

"இது மனசு சம்பந்தப்பட்டதுங்க, இதுக்கெல்லாம் எங்க குடுப்பாங்க" என்கிறார்கள். அது பழைய கதை. 2017-ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டத்தில் பிரிவு 21(4) இருக்கிறது. உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு தருகிறார்களோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது அது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2018-இலும் 2022-இலும் நிறுவனங்களுக்கு இதை உத்தரவாகவே சொல்லிவிட்டது.

"போன்ல பாத்ததால தரமாட்டாங்க" என்பதும் சரியல்ல. தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் 2020 மார்ச்சில் வந்தன. டாக்டரை நேரில் பார்ப்பதற்குப் பணம் தரும் பாலிசி, தொலைமருத்துவத்துக்கும் தர வேண்டும் என்று அந்த ஜூனிலேயே ஆணையம் அறிவுறுத்தியது. டாக்டர் தமிழ்நாட்டில் பதிவு செய்தவர், நோயாளி கேரளத்தில் இருக்கிறார் என்பதும் தடையல்ல. பதிவு பெற்ற டாக்டர் நாட்டின் எந்த மூலையில் இருப்பவருக்கும் தொலைமருத்துவம் பார்க்கலாம்.

பிறகு ஏன் நிராகரிக்கிறார்கள்? அது ஓ.பி., அதாவது அட்மிட் ஆகாமல் வெளிநோயாளியாகப் பார்ப்பது என்பதால். நம் கையில் இருக்கும் பாலிசிகளில் பெரும்பாலானவை, ஆஸ்பத்திரியில் 24 மணி நேரமாவது அட்மிட் ஆனால்தான் பணம் தரும். சர்க்கரைக்கு மாதாமாதம் டாக்டரைப் பார்க்கும் செலவை அந்தப் பாலிசி தருகிறதா? தராது. அதே கணக்குதான் இதற்கும். சட்டம் சமமாக நடத்தச் சொன்னது. கிடைத்த சமம் இது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. மனநோயாளிகளில் பெரும்பாலோர் படுக்கையில் சேராமலே குணம் காண்கிறவர்கள். அவர்களுக்கு அட்மிஷன் பாலிசியால் என்ன பயன்?

ஆகவே பாலிசியில் தேட வேண்டியது 'ஓ.பி.டி.' (வெளிநோயாளி சிகிச்சை) என்ற வரி. தனியாகப் பிரீமியம் கட்டிச் சேர்க்கும் வசதி சில பாலிசிகளில் உண்டு. பெங்களூரிலோ கோவையிலோ வேலை பார்க்கும் மகன், மகளின் கம்பெனி குரூப் பாலிசியில் அது இருக்கிறதா, பெற்றோரையும் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். அதிலும் டாக்டருக்கு மட்டுமா, கவுன்சலிங்குக்கும் உண்டா என்று பாருங்கள். பல பாலிசிகள் சைக்காலஜிஸ்ட் பில்லை ஏற்பதில்லை.

இன்னொரு வழியைப் பலர் கோட்டைவிடுகிறார்கள். நோயாளி அட்மிட் ஆக நேர்ந்தால், அதற்கு முந்தைய 30 நாட்களும் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாட்களும் அதே நோய்க்காக ஆகும் ஆலோசனை, மருந்துச் செலவுகளைப் பொதுவாகக் கேட்டு வாங்கலாம். நாள் கணக்கு பாலிசிக்குப் பாலிசி மாறும். ஆன்லைன் ஆலோசனை பில்லும் இதில் சேரும். ஆனால் கிளெய்ம் போடும்போது பில் இருக்காது. ஜிபே ஸ்க்ரீன்ஷாட்தான் இருக்கும். அது பில் ஆகாது.

பில் இருந்தாலும் பெயர் இடிக்கும். அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் இல்லை, மகன் போனில் மகன் பெயரிலேயே கணக்கு. மருந்துச்சீட்டில் 58 வயது அம்மாவுக்குப் பதிலாக 29 வயது மகன் பெயர். கிளெய்ம் பார்க்கிறவர் அதை ஏற்பாரா? வீடியோ கால் தொடங்கும்போதே நோயாளியின் பெயர், வயதைச் சரிபாருங்கள். சீட்டில் டாக்டரின் பதிவு எண், தேதி, நோயின் பெயர் இருக்கட்டும்.

நோயின் பெயர் என்றதும் குரல் தாழ்ந்துவிடும். "மனநோய்ன்னு எழுத வேண்டாமுங்க, பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருக்கோம். வைட்டமின் குறைன்னு போட்டுக் குடுங்க." போட முடியாது. பயம் புரிகிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையை அதே 2017 மனநலச் சட்டத்தின் பிரிவு 23 தருகிறது. ஆனால் பொய்ச் சீட்டு நாளைக்கு அவர்கள் கிளெய்மையே கவிழ்க்கும். புது பாலிசி எடுக்கும்போது மறைப்பது இன்னும் மோசம். சொல்லிவிட்டு எடுத்தால், முன்பே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 3 வருடம் காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சொன்னதற்காகச் சில நிறுவனங்கள் பிரீமியத்தை ஏற்றலாம், தர மறுக்கவும் செய்யலாம். அப்படியானால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள், மறைக்காதீர்கள்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா கள்ளுக்குப் பெயர் போனது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். குடி தொடர்பான மனநிலைக் கோளாறுகளைச் சட்டம் மனநோயில்தான் சேர்க்கிறது. ஆனால் குடிநோய் சிகிச்சை, பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் இன்னும் இருக்கிறது.

கஞ்சிக்கோடு கம்பெனிகளில் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இருந்தால் ஓ.பி.யும் அதில் அடக்கம், ஆனால் இ.எஸ்.ஐ. வழியாகவே போக வேண்டும், நீங்களாகப் பார்த்த ஆப் டாக்டருக்குத் தரமாட்டார்கள். கேரள அரசின் காருண்யா திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, அதுவும் அட்மிஷனுக்குத்தான். காசே இல்லையென்றால் 14416-க்கு அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. இலவசம், தமிழிலும் பேசலாம்.

ஓ.பி. வசதி இருந்தும் "மனநோய்", "ஆன்லைன்" என்று காரணம் காட்டி மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லையென்றால், ஒரு வருடத்துக்குள் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். கேரள முகவரிக்காரர்களுக்கு கொச்சி அலுவலகம், எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குச் சென்னை. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.