கண்ணாடிப் பெட்டிக்குள் நோய்ப்படும் காசு

மண்ணுக்குள் பல நூற்றாண்டு கிடந்த செப்புக் காசு, கண்காட்சிக்கு வைத்த சில வாரங்களில் வெளிர்பச்சைப் பொடியாக உதிரத் தொடங்குவதுண்டு. இதற்கு ‘வெண்கல நோய்’ என்று பெயர். கிருமி எதுவும் கிடையாது; உப்பும் ஈரமும் சேர்ந்து செய்கிற வேலை.

மண்ணில் உள்ள குளோரைடு, காசுக்குள் ஊறி, களிம்புக்கு (செம்பின் மேல் படியும் பச்சைப் படலம்) அடியில் குப்ரஸ் குளோரைடு என்ற செம்பு உப்பாகத் தங்கியிருக்கும். வெளியே எடுத்ததும் ஈரமும் ஆக்சிஜனும் அதைத் தொடுகின்றன. பச்சைப் பொடியோடு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலம் மிச்சமிருக்கும் செம்பை அரிக்க, மறுபடியும் குப்ரஸ் குளோரைடு. அதனால்தான் பொடியைத் துடைத்தாலும் அரிப்பு நிற்பதில்லை. பழைய களிம்பு கெட்டியாக ஒட்டியிருக்கும், அதனால் கெடுதல் இல்லை. புள்ளி புள்ளியாகக் கிளம்பி, குச்சி பட்டாலே உதிர்வதுதான் நோய். எலுமிச்சை போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். காசின் எழுத்தும் உருவமும் பெரும்பாலும் அந்தக் களிம்புப் படலத்தில்தான் இருக்கின்றன.

இந்தச் சுழலை நிறுத்த ஈரத்தை அறுக்க வேண்டும். குளோரைடு ஏறிய செம்பு, வெண்கலத்துக்கு ஒப்பு ஈரப்பதம் (காற்று ஏற்கக்கூடிய ஈரத்தில் இப்போது இருக்கும் பங்கு) 35 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்; இரும்புக்கு 20க்கும் கீழே. ஓலைச்சுவடியோ அந்த வறட்சியில் நொறுங்கிவிடும், அதற்கு 50 விழுக்காட்டை ஒட்டி வேண்டும். ‘ஊர் வரலாறு’ என்று காசு, கத்தி, சுவடி மூன்றையும் ஒரே பெட்டியில் அடுக்குவது பார்க்க அழகுதான், பொருள்களுக்கு ஆகாது.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிப் பொட்டலம் நாலு போட்டால் தீர்ந்தது என்ற நினைப்பும் தவறு. வழக்கமான கணக்கு, கன மீட்டருக்கு 20 கிலோ. 60 × 40 × 30 செ.மீ. பெட்டிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும். துளையிட்ட அடித்தட்டுக்குக் கீழே தனி இழுப்பறையில் வையுங்கள். பொருளை அசைக்காமல் மாற்றலாம். ஈரம் குடித்து நிறம் மாறிய மணிகளை 110–120 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் உலர்த்தினால் மீண்டும் உதவும். ஈரமானியை ஜெல்லின் அருகில் அல்ல, காசின் அருகில் வைக்க வேண்டும்.

பெட்டிக்குள் விளக்கு பொருத்துவது பெரிய தவறு. பகலில் சூடேறிய காற்று விரிந்து இடுக்குகளில் வெளியேறும். இரவில் குளிர்ந்ததும் வெளி ஈரக்காற்று உள்ளே இழுபடும். பெட்டி தினமும் மூச்சு விடுகிறது, ஜெல் சீக்கிரம் களைத்துவிடுகிறது. விளக்கு வெளியே இருக்கட்டும். சுவடிக்கு 50 லக்ஸ் (ஒளியின் அளவு) போதும். 100 லக்ஸில் ஐந்து மணி நேரம் வைப்பதும் 50 லக்ஸில் பத்து மணி நேரம் வைப்பதும் ஒரே சேதம்தான்.

மரத்தையும் நம்பிவிடக் கூடாது. ப்ளைவுட், எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) பலகைகள் கசியவிடும் அசெட்டிக், ஃபார்மிக் அமில ஆவிகளில் ஈயம் வெண்பொடியாகும். கம்பளித் துணியின் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். 1973இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி வகுத்த சோதனை இதற்கு நல்லது: பெட்டிக்கான பொருளில் ஒரு துண்டை, வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடும் சிறிது நீரோடும் மூடிய கண்ணாடிக் குப்பியில் போட்டு, 60 டிகிரியில் 28 நாள் வைப்பார்கள். எந்தத் தகடு கெட்டதோ, அந்த உலோகத்தின் பக்கத்தில் அந்தப் பொருளை வைக்கக் கூடாது.