சும்மா நின்ற வண்டியில் பேட்டரி எப்படிச் செத்தது?

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் அண்ணாச்சி போன் செய்தார். பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, இரண்டு விசிறி எல்லாம் வைத்து வீட்டு வண்டியாக மாற்றியிருக்கிறார். சாரல் பருவத்தில் குற்றாலம், தை மாதம் உவரி, கன்னியாகுமரி என்று குடும்பத்தோடு போய்வருவார். இந்த வருடம் பொங்கல் முடிந்து ஷெட்டில் விட்ட வண்டியை மே மாதம்தான் மறுபடி திறந்திருக்கிறார். டயரில் காற்று இறங்கியிருந்தது. கூரை ஜன்னலைச் சுற்றிப் பூசிய சீலன்ட் வெடித்திருந்தது. தொட்டியில் பாசி வாடை. இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆனால் விளக்குக்கும் விசிறிக்கும் தனியாக வைத்திருந்த 100 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் வீதம் நூறு மணி நேரம் கொடுக்கும் கொள்ளளவு) பேட்டரி அடியோடு படுத்துவிட்டது. வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

"ஒரு லைட்டுகூடப் போடலியே தம்பி. ஓடித் தேஞ்சுதுன்னா சரி. சும்மா நின்னது எப்படிச் சாவும்?"

சும்மா நின்றதால்தான் செத்தது என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

பள்ளிக்கூடப் பாடத்தை வேகமாகத் தாண்டிவிடுவோம். அண்ணாச்சியுடையது ஈய-அமில பேட்டரி. ஒரு பக்கம் ஈயத் தகடு, மறுபக்கம் ஈய டை ஆக்சைடு பூசிய தகடு, நடுவில் தண்ணீர் கலந்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படியும், அமிலம் நீர்த்துக்கொண்டே போகும். சார்ஜ் ஏற்றினால் சல்ஃபேட் கரைந்து எல்லாம் பழையபடி ஆகும். 1859ல் கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் செய்த ஏற்பாடு. அடிப்படை இன்றும் அதேதான். ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட், ஆறு செல் சேர்ந்தால் 12.7. மல்டிமீட்டரில் 12.2 காட்டினால் பாதி காலி. 11.8க்குக் கீழே போனால் அநேகமாக முழுக் காலி.

அண்ணாச்சி லைட் போடவில்லை, சரி. ஆனால் வண்டிக்குள் ஜிபிஎஸ் கருவி ஒன்று விழித்துக்கொண்டிருந்தது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் மீட்டர், பாட்டுப் பெட்டியின் நினைவு, ஒரு சின்னப் பச்சை விளக்கு. எல்லாம் சேர்த்து 30 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. 120 நாளில் 86. பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 100! இது போக, எதையும் மாட்டாமல் வைத்தாலும் பேட்டரி தன்னால் கொஞ்சம் இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த இறக்கம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பங்குனி, சித்திரையில் நம் ஊரில் தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள் ஐந்து நிமிடம் நின்று பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் காலியாவது வேறு, சாவது வேறு. காலியான பேட்டரியை அன்றைக்கே சார்ஜில் போட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும். மாதக்கணக்கில் குறை சார்ஜிலேயே கிடந்தால் எழுவதில்லை. அந்த மாதங்களில் உள்ளே என்ன நடக்கிறது? எனக்குப் பிடித்த இடம் இதுதான். இதைச் சொல்லத்தான் மேலே உள்ளதையெல்லாம் அவசரமாகச் சொன்னேன்.

திசையன்விளைப் பக்கம் போனால் ஒரே பதநீரிலிருந்து இரண்டு சரக்கு வரும். காய்ச்சிய பாகைக் கிளறிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. அதே பாகைப் பக்குவம் பார்த்துப் பானையில் ஊற்றி, நூலைத் தொங்கவிட்டு, சுமார் நாற்பது நாள் ஆடாமல் அசையாமல் வைத்தால் பனங்கற்கண்டு. வாயில் போட்டுப் பாருங்கள். கருப்பட்டி பொலபொலவென்று கரையும். கற்கண்டை ஒரு மணி நேரம் கன்னத்தில் அடக்கி வைக்கலாம். இரண்டும் இனிப்புதான், படிகத்தின் அளவுதான் வேறு. ஒரு மில்லிமீட்டர் கனசதுரப் படிகத்தின் மேற்பரப்பு 6 சதுர மில்லிமீட்டர். அதையே ஒரு மைக்ரான் துகள்களாக உடைத்தால் நூறு கோடித் துகள். மொத்த மேற்பரப்பு 6000 சதுர மில்லிமீட்டர். கரைவது மேற்பரப்பில்தானே.

மின்சாரம் எடுக்கும்போது தகட்டில் படியும் சல்ஃபேட் முதலில் கருப்பட்டி மாதிரி பொடிப்பொடியாகத்தான் இருக்கும். நாள்பட நாள்பட அது கற்கண்டாகிறது. யாரும் வெளியிலிருந்து சல்ஃபேட்டைக் கொண்டுவந்து கொட்டவில்லை. இருப்பதே இடம் மாறுகிறது. ஈய சல்ஃபேட் கரையாத பொருள் என்று பாடத்தில் எழுதியிருப்பார்கள். கொஞ்சூண்டு கரையும். லிட்டருக்குச் சில மில்லிகிராம். அந்தக் கொஞ்சூண்டுதான் வில்லன்.

நெரிசலான டவுன் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவர்தான் முதலில் விழுவார். உள்ளே நாலு பக்கமும் ஆள் நெருக்கி நிற்பவர் விழ முடியாது. படிகத்திலும் அப்படியே. ஓரத்திலும் மூலையிலும் இருக்கும் அயனிகளுக்குப் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் குறைவு. சின்னப் படிகம் என்றால் கிட்டத்தட்ட எல்லோருமே படிக்கட்டுதான். அதனால் சின்னது கொஞ்சம் கூடுதலாகக் கரையும்; கரைந்தது அமிலத்தில் மிதந்துபோய்ப் பக்கத்துப் பெரிய படிகத்தில் ஒட்டிக்கொள்ளும். பெரியது இன்னும் பெரிதாகும், சின்னது இன்னும் சின்னதாகிக் கடைசியில் காணாமல் போகும். இதற்கு ஆஸ்ட்வால்ட் முதிர்ச்சி என்று பெயர். 1909ல் வேதியியலுக்கு நோபல் பரிசு வாங்கிய வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் பெயரால் வந்தது. ஐஸ்கிரீமை நாள்கணக்கில் ஃபிரிட்ஜில் வைத்தால் நறநறவென்று ஆவதிலும் இதற்குப் பங்குண்டு.

அண்ணாச்சியின் துரதிர்ஷ்டம் என்னவென்றால், காலியான பேட்டரியில் அமிலம் நீர்த்துப் போயிருக்கும். கெட்டியான அமிலத்தைவிட நீர்த்த அமிலத்தில் இந்த சல்ஃபேட் கூடுதலாகக் கரையும். வெயில் ஏறினால் இன்னும் கூடுதல். கரைவது கூடினால் இடமாற்றமும் வேகமாகும். இறங்கிக்கொண்டே போன பேட்டரி, கோடை வெயில், நான்கு மாதம். கற்கண்டுக்குக் கேட்ட பக்குவம்.

சார்ஜரைச் சொருகும்போது சல்ஃபேட் நேராக ஈயமாக மாறிவிடுவதில்லை. முதலில் துளித்துளியாகக் கரைய வேண்டும். கரைந்த ஈய அயனிதான் தகட்டில் எலக்ட்ரானை வாங்கி ஈயமாகும். பெரிய படிகம் அந்த வேகத்துக்குக் கரைந்து கொடுக்காது. போதாததற்கு அது மின்சாரம் கடத்தாத பொருள், துளைகளையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வேலை கிடைக்காத மின்சாரம் தண்ணீரைப் பிரித்து வாயுவாக்கத் தொடங்கும், வோல்ட் சட்டென்று 14.4க்கு ஏறும். சார்ஜர் அதைப் பார்த்து 'ஃபுல்' என்று நம்பிவிடும். ஒரு மணி நேரத்தில் ஃபுல், விசிறி போட்டால் கால் மணியில் டவுன். அண்ணாச்சி சொன்ன அறிகுறி அட்சரம் பிசகாமல் இதேதான்.

பேட்டரியை சிமென்ட் தரையில் வைத்ததால் சார்ஜ் இறங்கிவிட்டது என்று அவருடைய மெக்கானிக் சொன்னாராம். இன்றைய பிளாஸ்டிக் பெட்டி மின்சாரத்தைக் கடத்தாது; தரையா பலகையா என்று பேட்டரிக்குத் தெரியவே தெரியாது. வண்டி முன்னால் கட்டிய எலுமிச்சம்பழத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் பேட்டரிக்குக் கெடுதல் இல்லை. ஆனால் செத்த பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் என்று சொல்லி விற்கும் பொடிகளில்தான் எனக்குக் கோபம். நானே ஒரு கடையில் வாங்கி வீட்டு இன்வெர்ட்டரில் போட்டு ஏமாந்தவன். அமெரிக்காவில் ஏடி-எக்ஸ்2 என்று இப்படி ஒரு பொடி விற்றது. அதனால் பயனில்லை என்று அரசின் தரநிலை ஆய்வகம் சோதித்துச் சொன்னதற்காக, 1953ல் அதன் இயக்குநர் ஆலன் ஆஸ்டினை வணிக அமைச்சர் பதவி விலகச் சொன்னார். விஞ்ஞானிகள் கொதித்தெழுந்த பிறகுதான் அவருக்குப் பதவி திரும்பக் கிடைத்தது. இல்லை என்று சொல்வதற்கும் ஆராய்ச்சி வேண்டும், அதற்கும் பணம் வேண்டும். நம் பக்கத்திலேயே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார். அந்தக் காலத்து 15 லட்சம்! வீதிக்கு வீதி இன்வெர்ட்டர் வைத்திருக்கும் நாட்டில் இப்படி இன்னும் நாலு இடம் இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றும்.

சரி, வண்டியை நிறுத்தும்போது என்ன செய்யலாம்? முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டு நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். கழற்றி மாட்டச் சோம்பலாக இருந்தால், சில நூறு ரூபாய்க்கு ஒரு கட் ஆஃப் சுவிட்ச் வாங்கி வைக்கலாம். ஜிபிஎஸ் ஓடியே ஆகவேண்டும் என்றால், ஷெட் கூரையில் 20 வாட் சோலார் பலகை ஒன்று, கூடவே ஒரு சார்ஜ் கன்ட்ரோலர். நம் வெயிலில் ஒரு நாளைக்கு ஐந்து ஆம்பியர்-மணி தாராளமாக வரும். கசிவது ஒன்றுக்கும் குறைவு. தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர்தான். தாமிரபரணித் தண்ணீர் அல்வாவுக்கு எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அதில் கரைந்திருக்கும் உப்பு தகட்டுக்கு ஆகாது. தகடு வெளியே தெரிந்தால் ஒழிய, சார்ஜ் ஏறிய பிறகே ஊற்றுங்கள். ஏறும்போது மட்டம் உயரும். அப்புறம், படுத்துத் தூங்கும் வண்டிக்குள் பேட்டரி இருப்பதால் அதன் பெட்டியிலிருந்து வண்டிக்கு வெளியே காற்றுப் போக்கு அவசியம். சார்ஜ் ஏறும்போது வருவது ஹைட்ரஜன். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். லித்தியம் அயர்ன் பாஸ்ஃபேட் பேட்டரிக்கு மாறினால் இந்தச் சல்ஃபேட் தொல்லையே கிடையாது. அதை நிறுத்தி வைக்கும்போது முழுதாக நிரப்பாமல் பாதி சார்ஜில் விடுவது நல்லது. விலைதான் கூட.

அண்ணாச்சியை 2 ஆம்பியரில் மூன்று நாள் மெதுவாக சார்ஜ் ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். மெதுவாக ஏற்றினால் கற்கண்டுக்கும் கரைய நேரம் கிடைக்கும். நாலாம் நாள் ஹைட்ரோமீட்டரோடு போன் செய்தார். அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி அது; சார்ஜ் ஏற ஏற எண் உயரும். ஐந்து செல்லில் 1.230 வந்துவிட்டது. ஆறாவது 1.150ஐத் தாண்டவில்லை. ஒரு செல் பின்தங்கினால் அதுதான் மற்ற ஐந்தையும் இழுக்கும் என்பதால், பழையதை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது எடுத்துக்கொண்டார். வாங்கிய கையோடு நெகட்டிவ் பக்கம் சுவிட்சும் வைத்துவிட்டாராம்.