ராக்கி மலை வெட்டுக்கிளி: அழிந்ததா, உருமாறி ஒளிந்ததா?

1875-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தின் மேல் ஒரு வெட்டுக்கிளிப் படை ஐந்து நாட்கள் விடாமல் பறந்து சென்றது. பிற ஊர்களிலிருந்து வந்த தந்திச் செய்திகளையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆல்பர்ட் சைல்ட் என்பவர், அது மூடிய பரப்பு 1,98,000 சதுர மைல் என்றார். அந்தப் பூச்சி ராக்கி மலை வெட்டுக்கிளி. அறிவியல் பெயர் மெலனோபிளஸ் ஸ்ப்ரீட்டஸ். உயிரோடு பிடிபட்ட கடைசிப் பூச்சிகள் 1902-இல் கனடாவில் கிடைத்தவை. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் அது அழிந்துவிட்டதா? இந்த எளிய கேள்விக்கு விடை சொல்லப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1921-இல் போரிஸ் உவரோவ் என்ற பூச்சியியலாளர், இரு வேறு இனங்களாக எண்ணப்பட்ட இரண்டு வெட்டுக்கிளிகள் உண்மையில் ஒன்றே என்று எடுத்துக்காட்டினார். தனித்து வளர்ந்தால் ஓர் உடல்வாகு. நெரிசலில் வளர்ந்தால் வேறு நிறம், வேறு உடல்வாகு, கூட்டமாகக் கிளம்பும் குணம். ராக்கி மலை வெட்டுக்கிளியும், அமெரிக்க வயல்களில் இன்றும் திரியும் மெலனோபிளஸ் சாங்குனிப்பஸ் என்ற வெட்டுக்கிளியின் நெரிசல் வடிவம்தான் என்று பலர் நம்பத் தொடங்கினர். இரண்டும் ஒன்றென்றால் எதுவும் அழியவில்லை. வேறு வேறு என்றால், வானத்தை மறைத்த ஓர் உயிரினம் முப்பதே ஆண்டுகளுக்குள் பூண்டோடு போய்விட்டது.

நிறம், உடலின் நீளம், இறக்கையின் நீளம் எல்லாம் வளரும் சூழலோடு மாறக்கூடியவை என்பதால் அவற்றை மட்டும் நம்ப முடியாது. மெலனோபிளஸ் என்ற இந்தப் பேரினத்துக்குள் இனங்களைப் பிரித்தறிய நிபுணர்கள் நாடுவது ஆண் பூச்சியின் கலவி உறுப்பை. அருங்காட்சியகத்தில் ஊசி குத்தி வைத்த காய்ந்த பூச்சியை ஈரப்பதத்தில் வைத்து இளக்கி, வயிற்றின் நுனியை நுண்ணிய ஊசியால் மெல்லத் திறந்தால், கெட்டியான ஒரு சிறு துண்டு வெளியே வரும். நுண்ணோக்கியில் அதன் மடிப்புகளும் முனைகளும் இனத்துக்கு இனம் வேறுபடுவது தெரியும். ஒரே இனத்துக்குள் அந்த வடிவம் பெரிதாக மாறுவதில்லை. வயோமிங் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி லாக்வுட் 1989-இல் ஸ்ப்ரீட்டஸை, சாங்குனிப்பஸின் தனித்து வாழும் வடிவத்தோடும் கூட்டமாகப் பறக்கும் வடிவத்தோடும் அளந்து ஒப்பிட்டார். ஸ்ப்ரீட்டஸ் இரண்டிலிருந்தும் விலகியே நின்றது.

ஆனால் பெண் பூச்சிக்கு இந்தச் சோதனை உதவாது. இறக்கை முளைக்காத குஞ்சுக்கும் உதவாது. அங்கேதான் மரபணு கைகொடுக்கிறது. ஒவ்வொரு செல்லிலும் ஆற்றல் தரும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. ஏராளமான பிரதிகளாக இருப்பதால், நூறாண்டு காய்ந்த உடலிலும் துண்டு துண்டாகவாவது எஞ்சியிருக்கும். அதன் எழுத்து வரிசையை உறவினப் பூச்சிகளின் வரிசையோடு பொருத்திப் பார்த்து, எது எதற்கு நெருக்கம் என்று உறவு மரம் வரைகிறார்கள்.

இதிலும் ஒரு பொறி உண்டு. வெட்டுக்கிளிகளின் மரபணுத் தொகுதி மிகப் பெரியது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் காணப்படும் லோகஸ்டா மைக்ரேட்டோரியா என்ற வெட்டுக்கிளியின் தொகுதி மனிதனுடையதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. அதற்குள் எப்போதோ மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட, இப்போது செயலற்ற பழைய பிரதிகள் நிறைய உள்ளன. அசலுக்குப் பதில் அந்தப் போலியைப் படித்துவிட்டால் ஒரே இனம் பல இனங்களாகத் தோன்றும். புரத உற்பத்தியை நடுவில் நிறுத்தும் குறி, பொருந்தாத இடத்தில் கூடுதலாகவோ குறைவாகவோ ஓர் எழுத்து இருந்தால் அது போலி என்று ஒதுக்கவேண்டும். எழுத்து வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்களைவிட, பூச்சியையும் கையில் எடுத்துப் பார்க்கிறவர்களே எனக்கு நம்பகமானவர்கள்.

2004-இல் வெளியான மைட்டோகாண்ட்ரியா ஆய்வும் ஸ்ப்ரீட்டஸ் தனி இனமே என்ற முடிவை ஆதரித்தது. அதன் நெருங்கிய உறவு சாங்குனிப்பஸ் அல்ல, அதே பேரினத்தின் மற்றோர் இனமான மெலனோபிளஸ் புரூனரியாக இருக்கலாம் என்றும் அது காட்டியது.

ஆக, அது ஒளிந்திருக்கவில்லை, அழிந்தே போனது. படை ஓய்ந்த காலங்களில் அது ராக்கி மலைத் தொடரின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் ஒதுங்கி முட்டையிட்டது. அதே பள்ளத்தாக்குகளில் குடியேறியவர்கள் உழுது, நீர் பாய்ச்சி, மாடு மேய்த்ததில் முட்டைகள் அழிந்தன என்பது லாக்வுட்டின் விளக்கம். இன்று அதன் உடல்கள் அருங்காட்சியகப் பெட்டிகளிலும், வயோமிங்கின் நைஃப் பாயின்ட் பனியாற்றில் உறைந்தும் கிடைக்கின்றன.