‘ரா டெனிம்’: கச்சாவா, பச்சையா, கோடியா?

ஜீன்ஸ் பேண்டுக்கு வீட்டிலேயே சாயம் போடுவதைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால், முதல் வரியிலேயே ஒரு சொல் காலை வாரிவிடும்: ரா டெனிம் (raw denim), அதாவது நெய்த பிறகு ஒருமுறைகூடத் துவைக்காத ஜீன்ஸ் துணி.

‘கச்சா டெனிம்’ எனலாமா? கச்சா எண்ணெய் இன்னும் சுத்திகரிக்காத எண்ணெய். இதுவோ சாயம் ஏறி, நெய்து, தைத்து, கடைக்கே வந்துவிட்ட துணி. ‘ரா’வுக்கு ஆங்கிலத்தில் முதற்பொருள் ‘சமைக்காதது’. பச்சைக் காய்கறி, பச்சைப் பால் என்று நாமும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் ‘பச்சை டெனிம்’ என்று எழுதினால் நிறத்தைத்தான் நினைப்பார்கள். ஈரோட்டுப் பக்கத்துக் ‘காடா’வும் சரிவராது. காடா சாயமும் சலவையும் காணாத துணி. டெனிமிலோ பாவு நூல் (நீளவாக்கில் ஓடும் நூல்) தறி ஏறும் முன்பே அவுரி நீலத்தில் முங்கி எழுந்துவிடுகிறது. (அந்த நீலம் இப்போது பெரும்பாலும் ஆலையில் செய்வது.) குறுக்கே ஓடும் ஊடை நூல் மட்டும் வெள்ளை. பேண்டின் காலை மடித்துப் பார்த்தால் உள்பக்கம் வெளிறித் தெரிவது அதனால்தான்.

டெனிம் என்ற பெயர் பிரான்சின் நீம் நகரத்திலிருந்து வந்தது என்பதே பரவலான விளக்கம். ‘நீமிலிருந்து வந்த’ என்பதற்கு பிரெஞ்சில் ‘த நீம்’. ஊர்ப்பெயர்தானே, அதற்குத் தமிழ்ச்சொல் தேட வேண்டியதில்லை. சிக்கல் ‘ரா’வில்தான். அதுவும் பின்னால் ஒட்டிக்கொண்ட அடைமொழி. ஒரு காலத்தில் ஜீன்ஸ் எல்லாமே துவைக்காமல்தான் விற்பனைக்கு வந்தது. 1970, 80களில் ஆலையிலேயே துவைத்து, கல்லோடு சேர்த்து அலசி விற்பது பரவிய பிறகு, பழையதற்குத் தனிப்பெயர் தேவைப்பட்டது. பிராய்லர் வந்த பிறகு வெறும் கோழி ‘நாட்டுக்கோழி’ ஆனதுபோல.

ஆக, ரா டெனிமுக்குப் பாக்கி ஒன்றே ஒன்று: தண்ணீர் படவில்லை. அதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது. கோடி. தறியிலிருந்து வந்து ஒருமுறைகூட நனையாத புதுத்துணி கோடித்துணி. மஞ்சள் தடவி உடுத்துவதும் கோடி, சாவு வீட்டில் பிறந்த வீட்டார் போடுவதும் கோடி. இந்த இரண்டாவது வழக்கால் சிலர் முகம் சுளிக்கலாம். இருக்கட்டும், பொருள் அச்சாகப் பொருந்துகிறது. ‘கோடி டெனிம்’ என்றே எழுதுவேன்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. கோடி என்றாலே கஞ்சி நினைவுக்கு வர வேண்டும். தறியில் அறுந்துவிடாமல் இருக்கப் பாவுக்குக் கஞ்சி போடுவார்கள். கோடி டெனிம் அட்டைபோல விறைத்து நிற்பது அதனால். அந்தக் கஞ்சி போகாமல் சாயம் சீராக இறங்காது. வெந்நீரில் நன்றாக ஊறவைத்து, அலசி, அப்புறம்தான் சாயத்தில் போட வேண்டும். துணி சுருங்குவதும் அந்த நனைப்பில்தான். முதல் தடவை இது தெரியாமல் நீல ஜீன்ஸைக் கடையிலிருந்து வந்த கையோடு கறுப்புச் சாய வாளியில் முக்கினேன். முழங்காலில் தேமல் மாதிரி திட்டுத்திட்டாக நின்றது. வெள்ளை ஊடை சாம்பல் பூத்துப்போனது. தையல் நூல் மட்டும் சாயத்தை ஏற்கவே இல்லை. பாலியஸ்டர் போலிருக்கிறது, பளிச்சென்று அதே ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.