போனை ரீசெட் செய்யாதீர்கள். கால் ஏன் வேறெங்கோ அடிக்கிறது என்று முதலில் பாருங்கள்

"எனக்கு வர வேண்டிய கால் வேறெங்கோ அடிக்கிறது, என் போனை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள்" என்று பதறி வருபவர்களில் பலர், வரும்போதே போனை ஃபேக்டரி ரீசெட் செய்து முடித்திருக்கிறார்கள். படங்கள் போயிருக்கும், பழைய உரையாடல்கள் போயிருக்கும். கால் மட்டும் அதே தப்பான இடத்தில் அடித்துக்கொண்டிருக்கும்.

அடிக்கத்தான் செய்யும். அழைப்பை வேறு பக்கம் அனுப்பும் அமைப்பு மூன்று இடங்களில் இருக்கலாம். ஒன்று, தொலைபேசி நிறுவனத்தின் நெட்வொர்க்கில் உங்கள் எண்ணுக்கு எதிரே பதிவாகியிருக்கும் கால் ஃபார்வர்டிங். இரண்டு, ஆப்பிள், சாம்சங், வாட்ஸ்அப் போன்ற கணக்குகளில் இருக்கும் 'மற்ற சாதனங்களிலும் அடி' என்ற அனுமதி. மூன்று, போனோடு புளூடூத்தில் இணைந்திருக்கும் ஏதோ ஒன்று. ரீசெட் இவற்றில் மூன்றாவதை மட்டும்தான் அழிக்கும். முதலாவதைத் தொடவே தொடாது. இரண்டாவது, நீங்கள் அதே கணக்கில் மறுபடி நுழைந்ததும் பெரும்பாலும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே எதையும் அழிப்பதற்கு முன் சில கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். வந்தது சிம் வழி வரும் சாதாரணக் காலா, வாட்ஸ்அப் காலா? வாட்ஸ்அப், ஃபேஸ்டைம் போன்றவை இணையம் வழி வருபவை. கால் ஃபார்வர்டிங்குக்கும் அவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அடுத்து, உங்கள் போனும் சேர்ந்து அடித்ததா, அல்லது உங்கள் போன் சத்தமே இல்லாமல் கிடக்க மற்றது மட்டும் அடித்ததா? இரண்டும் சேர்ந்து அடித்தால் அநேகமாகக் கணக்கு விவகாரம். உங்கள் போன் அசையவே இல்லை, தவறிய அழைப்புப் பட்டியலிலும் எதுவும் இல்லை என்றால் நெட்வொர்க்கிலேயே திருப்பப்படுகிறது. (போன் சைலன்ட்டிலோ தொந்தரவு வேண்டாம் நிலையிலோ இருந்து, மேசையில் இருக்கும் கணினி மட்டும் சத்தமாக அடித்ததையும் 'கால் திசை மாறிவிட்டது' என்று கொண்டுவருகிறார்கள். அதை முதலில் பார்த்துவிடுங்கள்.)

இன்னொன்று: அடித்த கருவிக்குச் சொந்தமாகத் தொலைபேசி எண் இருக்கிறதா? கால் ஃபார்வர்டிங் எப்போதும் ஓர் எண்ணுக்குத்தான் போகும். சிம் இல்லாத டேப்லெட்டிலோ மடிக்கணினியிலோ உங்கள் கால் அடித்தால், அது ஃபார்வர்டிங் அல்ல. அங்கேயே அந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம்.

இதற்கும் தெளியவில்லை என்றால் உங்கள் போனை முழுதாக அணைத்துவிட்டு யாரையாவது அழைக்கச் சொல்லுங்கள். மற்ற கருவி இப்போது அடிக்கவில்லை என்றால், அது உங்கள் போன் வழியாகத்தான் அழைப்பைப் பெற்றுக்கொண்டிருந்தது. போன் அணைந்திருக்கும்போதும் அடிக்கிறதா? அப்படியானால் நெட்வொர்க்கில் ஃபார்வர்டிங் இருக்கலாம், ஐபோனில் 'மற்ற சாதனங்களுக்கும் வைஃபை காலிங்' போடப்பட்டிருக்கலாம், அல்லது உங்கள் எண்ணையே பகிர்ந்துகொள்ளும் இ-சிம் உள்ள கைக்கடிகாரமாக இருக்கலாம்.

இனி, பொறுமையைச் சோதிக்கும் அந்த விஷயம். "ஸ்டார் ஹாஷ் 21 ஹாஷ் அழுத்துங்கள், உங்கள் போன் ஒட்டுக்கேட்கப்படுகிறதா என்று தெரிந்துவிடும்" என்று ஒரு செய்தி வருடக்கணக்காகச் சுற்றுகிறது. தெரியாது. அந்தக் குறியீட்டுக்கு ஒட்டுக்கேட்பு பற்றி எதுவும் தெரியாது. *#21# என்பது "என் எண்ணுக்கு வரும் எல்லா அழைப்புகளையும் வேறு எண்ணுக்குத் திருப்பச் சொல்லி வைத்திருக்கிறேனா?" என்று நெட்வொர்க்கைக் கேட்கும் கேள்வி, அவ்வளவுதான். உளவுச் செயலி போனில் இருந்தாலும் அதற்கு 'இல்லை' என்றுதான் பதில் வரும்.

பதில் திரையில் வாய்ஸ், டேட்டா, ஃபேக்ஸ், எஸ்எம்எஸ், சிங்க், அசிங்க், பேக்கெட் என்று ஒரு பட்டியல் வரும். அதைப் படமெடுத்து "என் டேட்டாவை யாரோ ஃபேக்ஸ் எடுக்கிறார்கள்" என்று அனுப்பாதீர்கள். அவை ஜிஎஸ்எம் என்ற பழைய மொபைல் நெட்வொர்க் தரத்தில் உள்ள சேவை வகைகளின் பெயர்கள். எதிரே 'நாட் ஃபார்வர்டட்' அல்லது 'டிசேபிள்ட்' என்று இருந்தால் எல்லாம் சரி என்று பொருள்.

இதே குடும்பத்தில் இன்னும் மூன்று உண்டு. நீங்கள் வேறு காலில் இருக்கும்போது திருப்புவது 67. எடுக்காமல் விட்டால் திருப்புவது 61. போன் அணைந்தோ சிக்னல் இல்லாமலோ இருந்தால் திருப்புவது 62. இந்த இரண்டு இலக்க எண்ணுக்கு முன்னால் *# போட்டால் நிலவரம் கேட்கிறீர்கள், ## போட்டால் அழிக்கிறீர்கள், ** போட்டால் புதிதாகப் பதிகிறீர்கள். இந்த இலக்கணம் தெரிந்தால் யார் எதை அழுத்தச் சொன்னாலும் அது என்ன செய்யும் என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

*#62# அழுத்தியதும் தெரியாத எண் ஒன்று வருகிறது என்று அலறுபவர்கள் நிறைய. பெரும்பாலும் அது உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் வாய்ஸ்மெயில் எண், அதாவது நீங்கள் எடுக்காதபோது அழைத்தவர் செய்தி பதிந்துவைக்கும் இடம். வாய்ஸ்மெயில் வேலை செய்வதே இந்த நிபந்தனை ஃபார்வர்டிங்கால்தான். அந்த எண் வாய்ஸ்மெயிலா என்று நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்த பிறகு முடிவெடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிக்கும் ##002# என்பதை அழுத்தினால் வாய்ஸ்மெயிலும் சேர்ந்து போகும். பிறகு "வாய்ஸ்மெயில் வரவில்லை" என்று இன்னொரு புகாரோடு வர வேண்டாம்.

நடைமுறையில் வழுக்கும் இடங்கள் சில. இரட்டை சிம் போனில் ஒவ்வொரு சிம்முக்கும் ஃபார்வர்டிங் தனி. குறியீட்டை எந்த சிம்மிலிருந்து அழுத்துகிறீர்கள் என்று பாருங்கள். ஐபோன் செட்டிங்ஸில் தெரியும் கால் ஃபார்வர்டிங் பொத்தான் 'எல்லா அழைப்பும்' வகையை மட்டுமே காட்டும். அது அணைந்திருப்பதைப் பார்த்து நிம்மதியடைந்துவிடாதீர்கள், 61, 62, 67 மூன்றையும் குறியீட்டால்தான் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் போன் செயலியின் செட்டிங்ஸுக்குள் நான்கு வகையும் வரிசையாகத் தெரியும். சில நிறுவனங்கள் மோசடி காரணமாகக் குறியீட்டு வழியையே அடைத்துவிட்டன. அங்கே குறியீடு பிழைச்செய்தி தரும், வாடிக்கையாளர் சேவையிடம்தான் கேட்க வேண்டும்.

மோசடி என்றேனே, அது இதுதான். பார்சல் வந்திருக்கிறது, உங்கள் இணைப்பு துண்டிக்கப்படப்போகிறது என்று ஏதோ ஒரு கதை சொல்லி, ஒரு குறியீட்டை அழுத்தச் சொல்வார்கள். **21* அல்லது *21* என்று தொடங்கும், நடுவில் ஒரு முழுத் தொலைபேசி எண் இருக்கும், # இல் முடியும். அழுத்திய நொடியிலிருந்து உங்களுக்கு வரும் சாதாரணக் கால்கள் எல்லாம் அவர்களிடம் போகும். எஸ்எம்எஸ் போகாது. ஆனால் அவர்களுக்கு அது தேவையும் இல்லை: வாட்ஸ்அப்பை வேறு போனில் பதியும்போது சரிபார்ப்பு எண்ணைக் காலில் சொல்லும்படி கேட்கலாம். அந்தக் கால் அவர்களிடமே போய்ச் சேரும். குறியீடு சொல்லி அழுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் காலை வெட்டிவிடுங்கள். தயவுசெய்து வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள், அவர்கள்தான் மரியாதைக்காக லைனில் நின்றுவிடுகிறார்கள்.

அழுத்திவிட்டீர்களா? உடனே ##002#. பிறகு *#21# அடித்து அழிந்ததா என்று பாருங்கள். குறியீடு எடுபடவில்லை என்றால் வேறொரு போனிலிருந்து நிறுவனத்தை அழைத்து எல்லா ஃபார்வர்டிங்கையும் நீக்கச் சொல்லுங்கள். வங்கிக்கும் தகவல் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனுக்கு ஆறு இலக்கப் பின் போடுங்கள். வாய்ஸ்மெயில் பின் நிறுவனம் கொடுத்த ஆரம்பப் பின்னாகவே இருந்தால் அதையும் மாற்றுங்கள், எடுக்காமல் விட்ட சரிபார்ப்புக் கால் அங்கேதான் பதிவாகிக் கிடக்கும். எந்தக் குறியீட்டையும் அழுத்தாமலே, போனில் திடீரென்று சிக்னலே இல்லாமல் போய், உங்கள் எண்ணுக்கு அழைத்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள் என்றால், அது ஃபார்வர்டிங் இல்லை. உங்கள் எண்ணுக்கே உங்கள் பெயரில் வேறு சிம் வாங்கப்பட்டிருக்கலாம். அந்த நிமிடமே நிறுவனத்திடம் சொல்லி எண்ணை முடக்குங்கள்.

இத்தனையும் சொன்னாலும், வருகிற புகார்களில் பெரும்பகுதி இவ்வளவு பயங்கரமானதல்ல. ஒரே ஆப்பிள் ஐடியை வீட்டில் எல்லோரும் போட்டுக்கொள்வதுதான் காரணம். 2014இல் வந்த ஐஓஎஸ் 8 முதல், ஒரே ஆப்பிள் கணக்கில் இருக்கும் கருவிகள் ஒரே வைஃபையில் இருந்தால் ஒருவருக்கு வரும் கால் மற்றவற்றிலும் அடிக்கும். அப்பாவின் அலுவலகக் கால் பையனின் டேப்லெட்டில் அடிப்பது இப்படித்தான். ஐஓஎஸ் 18 முதல் செட்டிங்ஸ், ஆப்ஸ், போன் என்று போக வேண்டும். பழைய பதிப்புகளில் செட்டிங்ஸுக்குள் நேராகவே போன் இருக்கும். அதில் 'கால்ஸ் ஆன் அதர் டிவைசஸ்'. முழுதாக அணைக்கலாம், அல்லது பட்டியலில் வேண்டாத கருவியை மட்டும் அணைக்கலாம். ஐபேடில் ஃபேஸ்டைம் அமைப்புகளில் 'கால்ஸ் ஃப்ரம் ஐபோன்'. மேக்கிலும் ஃபேஸ்டைம் செயலியின் செட்டிங்ஸில் அதே பெயரில் இருக்கும். ஃபேஸ்டைம் கால்களே மாறிப் போகிறது என்றால், ஃபேஸ்டைம் அமைப்பில் எந்த எண், எந்த மின்னஞ்சலுக்கு அழைப்பு வரலாம் என்ற பட்டியலில் தேவையற்றதன் குறியை எடுங்கள்.

ஆனால் பொத்தானை அணைப்பது ஒட்டுப்போடும் வேலைதான். கணக்கு ஒன்றாக இருக்கும்வரை அழைப்புப் பட்டியல், தொடர்புகள், படங்கள் எல்லாம் கலந்துகொண்டேதான் இருக்கும். "வாங்கிய செயலிகளை எல்லோரும் பயன்படுத்தலாமே என்றுதான்" என்கிறார்கள். அதற்கு ஃபேமிலி ஷேரிங் இருக்கிறது. அதுவும் அதே ஐஓஎஸ் 8இல்தான் வந்தது. ஆறு பேர் வரை தனித்தனிக் கணக்கோடு சேரலாம். பிரிக்கும்போது, அதிகப் படங்களும் வாங்கிய செயலிகளும் யாருடையவையோ அவர் பழைய கணக்கை வைத்துக்கொள்ளட்டும், மற்றவர் புதிது தொடங்கட்டும். வெளியேறும் முன் ஐகிளவுட் படங்கள் போனில் முழு அளவில் இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். 'ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்' போட்டிருந்தால் போனில் இருப்பது சிறிய நகல் மட்டுமே.

சாம்சங்கில் இதே வசதி 'கனெக்டட் டிவைசஸ்' பகுதியில் 'கால் அண்ட் டெக்ஸ்ட் ஆன் அதர் டிவைசஸ்' என்று இருக்கும், இரண்டிலும் ஒரே சாம்சங் கணக்கு இருந்தால் வேலை செய்யும். விண்டோஸ் கணினியில் அடித்தால் போன் லிங்க் செயலியின் செட்டிங்ஸில் கால்ஸை அணையுங்கள். வாட்ஸ்அப் என்றால் லிங்க்டு டிவைசஸ் பட்டியலைத் திறந்து அடையாளம் தெரியாத ஒவ்வொன்றையும் லாக் அவுட் செய்யுங்கள். உங்கள் பழைய போனோ அலுவலகக் கணினியோ அதில் இன்னும் இருக்கும், பாருங்கள்.

புளூடூத் கதை வேறு. இங்கே மணி போனிலேயே அடிக்கும், எடுத்தால் குரல் கேட்காது. அது வாசலில் நிற்கும் காரிலோ அடுத்த அறை ஸ்பீக்கரிலோ பேசிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டில் அந்தக் கருவியின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பற்சக்கரத்தைத் தொட்டால் 'போன் கால்ஸ்', 'மீடியா ஆடியோ' என்று இரண்டு தனித்தனியாக இருக்கும். முதலாவதை மட்டும் அணைத்தால் பாட்டு ஸ்பீக்கரிலும் கால் போனிலும் வரும். கருவியையே நீக்கிவிட்டு மறுநாள் பாட்டுக்காக மறுபடி சேர்ப்பதில் பயனில்லை. ஐபோனில் இப்படிப் பிரிக்க முடியாது. ஆக்சஸிபிலிட்டியில் டச் என்பதற்குள் 'கால் ஆடியோ ரூட்டிங்' ஆட்டோமேட்டிக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். காது கேட்கும் கருவி அணிபவர்களுக்கு 'ஹியரிங் டிவைசஸ்' பகுதியில் கால் ஒலிக்கென்று தனி அமைப்பு உண்டு. ஏர்பாட்ஸ் டேப்லெட்டுக்கும் போனுக்கும் தாவிக்கொண்டிருந்தால், அதன் அமைப்பில் 'கனெக்ட் டு திஸ் ஐபோன்' என்பதை 'கடைசியாக இணைந்திருந்தபோது' என்று மாற்றுங்கள்.

தலைகீழ் புகாரும் வரும்: யாரோ ஒருவருக்கான கால்கள் உங்கள் போனுக்கு வருகின்றன. அழைத்தவரிடம் எந்த எண்ணை அழுத்தினார் என்று கேளுங்கள். உங்கள் எண்ணையே அழுத்தியிருந்தால், உங்கள் எண் முன்பு வேறொருவரிடம் இருந்தது, அவ்வளவே. வேறு எண்ணை அழுத்தியிருந்தால், அந்த எண்ணுக்குரியவர் தன் கால்களை உங்கள் எண்ணுக்குத் திருப்பி வைத்திருக்கிறார், அநேகமாக உங்கள் எண் அவருடைய பழைய எண்ணாக இருக்கும். உங்கள் போனில் எந்தக் குறியீட்டை அழுத்தினாலும் இது நிற்காது. நீக்க வேண்டியவர் அவர். அழைத்தவர் வழியாகவே அவருக்குச் சொல்லியனுப்புங்கள்.

அலுவலக இணைய இணைப்புத் தொலைபேசிகளுக்கு ஒரு வார்த்தை. ஒரே எண்ணின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எத்தனை கருவிகளில் பதிவாகியிருக்கிறதோ அத்தனையிலும் சர்வர் மணியடிக்கும். வேலையை விட்டுப் போனவரின் சொந்த போனில் அந்தச் செயலி இன்னும் இருந்தால் அங்கேயும் அடிக்கும். அவரைச் செயலியை நீக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். கடவுச்சொல்லை மாற்றுங்கள், பிறகு சர்வரில் பழைய பதிவை நீக்குங்கள். நீக்காவிட்டால் பதிவின் காலம் தீரும்வரை, பல அமைப்புகளில் 3600 நொடிகள், அங்கே மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும்.